கரகரத்த குரல் இழைந்து வந்த அனுபவம் உண்டா? சொல்லுங்கள்

கரும்பலகை
ஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் கேமராக் குழாய்) போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நான் 22 வருஷமாகக் கணக்கு டீச்சர். வகுப்பில் 55 பிள்ளைகள், மைக் கிடையாது. சாயங்காலம் தொண்டை கட்டும், காலையில் விட்டுவிடும். ஒருநாள் விடவில்லை. மருத்துவர் மூக்கு வழியாகக் குழாயை விட்டு, "ஈ சொல்லுங்கம்மா" என்றார். திரையில் வெள்ளையாக இரண்டு குரல் நாண்கள். அவற்றின் ஓரத்தில் எதிரெதிராக இரண்டு மேடு, அரிசிக் குருணை மாதிரி. நாண்கள் சேரும்போது அந்த மேடுகள்தான் முதலில் முட்டுகின்றன. முன்னாலும் பின்னாலும் சந்து. அதில் காற்று ஒழுகுவதைத்தான் இத்தனை நாள் சளி என்று நினைத்திருந்தேன். பெண் குரலில் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 முறை சேர்ந்து பிரியுமாம். அத்தனை முறையும் அந்த இடத்திலேயே இடி! அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

அறுவை தேவைப்படவில்லை, பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி தந்த பெண் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "மூச்சு தீர்ந்த பிறகும் பேசிட்டே இருக்கீங்க, டீச்சர்" என்றார். ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசி மூன்று சொற்களைத் தொண்டையை நெரித்துத்தான் தள்ளியிருக்கிறேன். இதை ஏன் ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லித் தருவதில்லை?

ஐந்தரையில் பாடியவள்
எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று. 41 வயதில் புது வாத்தியாரிடம் போனேன். சிறுவயதிலிருந்து என் சுருதி 5½ கட்டை (கட்டை கூடினால் சுருதி உயரம்), அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஒரு வர்ணம் பாடி முடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுருதிப் பெட்டியை எடுத்து 4½ கட்டைக்கு இறக்கி என் முன்னால் வைத்தார். "மேல் பஞ்சமம் இருக்கும்மா. கீழ்ப் பஞ்சமம் எங்கே?" கீழ் ஸ்தாயியின் 'ப' ஸ்வரத்தைத் தேடினேன், வெறும் காற்றுதான் வந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

அப்புறம் 8 மாதம் விடியற்காலையில் மந்தர ஸ்தாயி சாதகம், அதாவது கீழ் ஸ்வரங்களில் பயிற்சி. மாயாமாளவகௌளை ராகம், முதல் காலம் (மெதுவான வேகம்) மட்டும், முதலில் 'ம்' என்று வாய்மூடி, பிறகு 'ஆ' என்று அகாரம். வழவழப்பு கீழேயிருந்துதான் வந்தது. பேச்சிலும் கேட்டது. போனில் அக்கா, "யாரு பேசறது?" என்றாள்.

மேடைப்பாட்டு
ஐந்தரை அம்மா சொல்வதை அப்படியே எல்லாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுந்தவுடன் நாண்கள் கொஞ்சம் வீங்கித் தடித்திருக்கும், அதனால்தான் அப்போது கீழ்க்குரல் சுலபமாக வருகிறது. அதை நம்பி அழுத்தினால் புண்தான்.

என் கதை சின்னது. அடுத்தடுத்து மூன்று கல்யாணக் கச்சேரி, நாலாம் நாள் குரல் போச்சு. ஓய்வு என்று நினைத்து இரண்டு நாள் கிசுகிசுப்பாகவே பேசினேன். மூன்றாம் நாள் மேடையில் பல்லவியில் வாய் அசைகிறது, ஒலி இல்லை. கீபோர்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை மறக்காது.

கிசுகிசுப்பு ஓய்வல்ல, பலருக்கு அது நாண்களை இன்னும் இறுக்கும். ஓய்வென்றால் மௌனம். தேன், அதிமதுரம், மிளகுப்பால் எதுவும் நாண்களைத் தொடாது, விழுங்குவது உணவுக்குழாய்க்குத்தான் போகிறது. தொண்டைக்கு இதம், அவ்வளவே. நேராக அங்கே போவது ஆவி மட்டும். தண்ணீரைக் கச்சேரிக்கு ஐந்து நிமிஷம் முன் குடித்துப் பயனில்லை, காலையிலிருந்தே குடிக்க வேண்டும். தொண்டையைச் செருமாதீர்கள், ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். ராத்திரி சாப்பிட்டவுடன் படுத்தால் வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையை அரிக்கும். ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் இரண்டு விரல் ஆழம் விட்டு 'ஊ' என்று குமிழி விடுங்கள். ஸ்ட்ராவிலும் தண்ணீரிலும் காற்று தடைபட்டுத் திரும்பி அழுத்துவதால் நாண்கள் பலமாக மோதாமல் அதிரும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் கஷாயத்தை விட்டுவிட்டு ஸ்கோப் பாருங்கள்.

ஐந்தரையில் பாடியவள்
அழுத்தச் சொன்னது யார், சார்? கேட்டும் கேட்காமலும் பாடுவதுதான் சாதகம். எதிரில் உட்கார்ந்து கேட்க வாத்தியார் இருந்தார்.

கரும்பலகை
எனக்கும் அந்த ஸ்ட்ராதான் கொடுத்தார்கள். 3 மாதத்தில் மேடு சுருங்கியது. வகுப்புக்குச் சொந்தக் காசில் இடுப்பு மைக் வாங்கிவிட்டேன்.

பின்வரிசை
மகரக்கட்டு (வளரும் பையன்களுக்குக் குரல் உடைவது) பற்றி யாரும் எழுதவில்லையே. அப்போது எனக்கு 14 வயது. இறைவணக்கம் தினமும் நான்தான் பாடுவேன். ஒரு திங்கட்கிழமை மேல் வரியில் குரல் இரண்டாகப் பிளந்தது, மைதானம் முழுக்கச் சிரிப்பு. அந்த வயதில் நாண் நீண்டு குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், சுருதியை இறக்கிப் பாடினால் போதும் என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். "இனி நீ பாடாதே" என்றுதான் சொன்னார்கள். இப்போது 52.

மேலே படித்துவிட்டு நேற்று ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரும் ஸ்ட்ராவும் எடுத்தேன். கீழேயிருந்து மெல்ல ஏறிப் பார்த்தேன். குமிழி நிற்காமல் வந்தது, குரல் பிளக்கவில்லை. பையன் கதவைத் தட்டி, "அப்பா, பாட்டா பாடுறீங்க?" என்றான்.