மாசமா இருக்கும்போது பீனட் பட்டர் சாப்பிடலாமா?

மழைத்துளி:
ஹாய் சிஸ்டர்ஸ், எனக்கு இப்ப நாலாவது மாசம். காலைல பிரெட்ல பீனட் பட்டர் தடவி சாப்பிட்டா மட்டும்தான் வயித்துல நிக்குது, மத்ததெல்லாம் குமட்டுது. ஆனா வீட்ல பெரியவங்க குழந்தைக்கு அலர்ஜி வந்துடும்னு பயமுறுத்துறாங்க. எனக்கு கடலை அலர்ஜி கிடையாது, வீட்டுக்காரருக்குதான் சின்ன வயசுலருந்தே வீசிங். நிறுத்திடவா?

ரெண்டு_வாலு_அம்மா:
நிறுத்தாதீங்கமா. பெரியவங்க சொல்றதும் சும்மா இல்ல, 1998ல இங்கிலாந்து அரசே, ஆஸ்துமா, எக்ஸிமா மாதிரி அலர்ஜி இருக்கிற குடும்பம்னா மாசமா இருக்கிறவங்க கடலைய தவிர்க்கிறது நல்லதுன்னு சொல்லிச்சு. அப்புறம் அதுக்கு சரியான ஆதாரம் இல்லன்னு 2009ல அவங்களே அத மாத்திட்டாங்க. அதனால வீட்டுக்காரர் வீசிங்க நெனச்சு நீங்க பயப்பட வேண்டாம். உங்களுக்கே கடலை அலர்ஜி இருந்தாதான் தொடவே கூடாது.

தேன்மொழி_கே:
அக்கா சொன்னது சரி, நான் பாக்கச் சொல்றது பாட்டில. பின்னாடி இன்கிரீடியன்ட்ஸ் படிங்க, கடலையும் கொஞ்சம் உப்பும் மட்டும் இருக்கிறதா வாங்குங்க, சிலதுல சர்க்கரைய அள்ளிப் போட்டிருப்பாங்க, சுகர் டெஸ்ட்ல கொஞ்சம் ஏத்தமா வந்தவங்க இத கட்டாயம் பாக்கணும். மேல எண்ணெய் மிதந்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல, கிளறிட்டு சாப்பிடலாம். ஆனா பூஞ்சை வாடை, சிக்கு வாடை வந்தாலோ நாக்குல கசந்தாலோ மேலாக்க வழிச்சிட்டு மிச்சத்த சாப்பிடாதீங்க, அப்படியே தூக்கிப் போட்டுடுங்க. கடலைல பிடிக்கிற ஒருவகை பூஞ்சைலருந்து அஃப்ளடாக்சின்னு ஒரு விஷம் வரும், அது வறுத்தாலும் முழுசா போகாது. ஈர ஸ்பூனும் உள்ள விடாதீங்க.

மழைத்துளி:
ரொம்ப தேங்க்ஸ்கா, இப்பதான் மூச்சே வருது. ஒரு நாளைக்கு எவ்ளோ சாப்பிடலாம்?

ரெண்டு_வாலு_அம்மா:
ரெண்டு டேபிள்ஸ்பூன் போதும்மா, அதுலயே சுமார் 190 கலோரி, 7 கிராம் புரோட்டீன் வந்துடும். கொழுப்பு அதிகம்கிறதால ராத்திரி படுக்கப்போற நேரத்துல வேண்டாம், நெஞ்செரிச்சல் வரும். அயர்ன் மாத்திரை போடுறீங்கன்னா ரெண்டையும் ஒண்ணா எடுக்காம ஒரு ரெண்டு மணி நேரம் கேப் விடுங்க, கடலைல இருக்கிற ஃபைட்டேட்ங்கிற பொருள் இரும்புச்சத்த உடம்புல சரியா சேர விடாது.

தேன்மொழி_கே:
இன்னொண்ணு, பிராண்ட் ரீகால் நியூஸ் வந்தா கவனிங்க. 2022ல அமெரிக்கால சால்மொனெல்லா கிருமி இருக்குன்னு ஜிஃப்ங்கிற பிராண்ட் பீனட் பட்டர் பாட்டில்கள திரும்ப வாங்கினாங்க. அப்படி ஏதாவது வந்தா பாட்டில்ல இருக்கிற பேட்ச் நம்பர ஒத்துப் பாத்துட்டு அப்புறம் தொடுங்க.