பிள்ளைகளின் ஐசியுவுக்கு மிசினோ, ஆளோ?

கரவெட்டியான்: எங்கட பழைய மாணவர் சங்கம் பிள்ளைகளின் ஐசியுவுக்கு ரெண்டு வென்டிலேட்டர், மூச்சுக் குடுக்கிற மிசின், வாங்கக் காசு சேர்க்குது. கூட்டத்தில ஒருத்தர் எழும்பி, "மிசின் வேண்டாம், நோர்ஸ்மாருக்குப் பயிற்சி குடுங்கோ" எண்டு குழப்பிப் போட்டார். பயிற்சி மூச்சு விடுமோ?

தாதி அக்கா: விட்டதே தம்பி! 1952, கொப்பன்ஹேகன். போலியோ வந்து பிள்ளைகள் மூச்சடைச்சுச் சாகேக்க, மயக்க மருந்து டொக்டர் பியோன் இப்சன் 12 வயசுப் பிள்ளை ஒண்டுக்குத் தொண்டையில குழாய் வைப்பிச்சு, ரப்பர் பையைக் கையால அமத்திக் காத்துக் குடுத்தார். பிறகு 1500 மாணவர் அளவில முறை வைச்சு இராப்பகலா அமத்தினவை. 1955இல சுவீடனில பிள்ளைகளுக்கெண்டே தனி ஐசியு வந்திட்டுது.

கரவெட்டியான்: மிசின் காணாமத்தானே அக்கா அமத்தினவை? நீங்கள் எனக்கெல்லோ சாட்சி சொல்லுறியள்.

தாதி அக்கா: சரி, எங்கட டெங்குவுக்கு வாரும். காய்ச்சல் விட்ட கையோடதான் கண்டம். ரத்தக் குழாயால நீர் கசியும். மேல் பிறசருக்கும் கீழ் பிறசருக்கும் இடைவெளி 20க்கு இறங்குதோ, மூத்திரம் எவ்வளவு போகுது எண்டு தலைமாட்டில நிண்டு பாக்கவேணும். சேலைன் குறைஞ்சா ரத்த ஓட்டம் விழுந்து ஷொக், கூடினா நெஞ்சுக்குள்ள நீர். கடுங்காய்ச்சலோட வந்த 3000க்கு மேற்பட்ட ஆபிரிக்கப் பிள்ளைகளில செய்த ஆய்வு 2011இல வந்தது. சேலைனை மளமளவெண்டு ஏத்தின பிள்ளைகள்தான் கூடச் செத்தவை. டெங்குக் கண்டம் நிக்கிற அந்த 24, 48 மணித்தியாலம் கவனமாப் பாத்தா, கனபேருக்கு உம்மட மிசினே தேவைப்படாது.

நெடுந்தீவான்: ரெண்டு பேரும் ஐசியு வாசலிலயே நிண்டு சண்டை பிடியுங்கோ. இஞ்ச தீவில இரவில பிள்ளைக்கு மூச்சு இழுப்பு வந்தா முதல்ல கடல். படகில குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச் சேந்தாத்தான் மிச்சக் கதை.

தாதி அக்கா: அதுவும் ஞாயம். டாக்காவில ஷாம்பூப் போத்திலில தண்ணி விட்டு, மூச்சு வெளியில வாற குழாயின்ர நுனியை அதுக்குள்ள அமிழ்த்தினவை. தண்ணி எவ்வளவு ஆழமோ அவ்வளவு அழுத்தம், நுரையீரல் சுருங்காது. 2015இல வந்த ஆய்வில, வெறும் ஒக்சிசன் மெல்லமாக் குடுத்த நிமோனியாப் பிள்ளைகளைவிட இதில போட்ட பிள்ளைகள் கூடத் தப்பினவை. சின்ன ஆஸ்பத்திரிக்கும் தோது. ஆனா பழகின ஆள் பக்கத்தில நிக்கவேணும்.

கரவெட்டியான்: ஷாம்பூப் போத்திலுக்கெண்டு கேட்டா கனடாவில ஆர் காசு தருவான்? மிசினெண்டா பேர் பொறிக்கலாம், படம் எடுக்கலாம். உள்ளதைச் சொல்லுறன்.

தாதி அக்கா: பொறியும், ஆர் வேண்டாமெண்டது? சின்னப் பிள்ளைக்குப் பொருந்துற குழாய், வருசா வருசம் சேர்விஸ், பழுதானாத் திருத்த ஆள், இதுகளுக்குக் காசு ஒதுக்கினதோ?

கரவெட்டியான்: அது ஆஸ்பத்திரி பாக்கும் எண்டுதான் இருந்தம். ஒரு மிசினை வெட்டி அந்தக் காசைப் பயிற்சிக்கும் சேர்விசுக்கும் விடலாமோ எண்டு கேக்கிறன். மற்றதை விட மாட்டன் அக்கா.