கனடாவில் முதல் வரிக் கணக்கு: லாரி ஓட்டுநர் எந்தச் செலவைக் கழிக்கலாம், எந்தச் சீட்டை வைத்திருக்க வேண்டும்?

காட்பாடி (கேட்பவர்):
அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு பிப்ரவரியில் பிராம்ப்டனுக்கு வந்து, பயிற்சி முடித்து உரிமம் பெற்று, ஜூன் முதல் நெடுந்தூர லாரி ஓட்டுகிறேன். ஏப்ரல் 30க்குள் வரிக் கணக்கு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. சாப்பாட்டு பில்களையெல்லாம் இருக்கைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தேன். நேற்று இரவு மேசையில் கொட்டிப் பார்த்தால், கோடை வெயிலில் மை மறைந்து, பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாளாக இருக்கிறது. நாளொன்றுக்கு 69 டாலர் பேட்டா அரசிடமிருந்து திரும்ப வரும் என்று உடன் ஓட்டுபவர் சொன்னார். அது உண்மையா? பூட்ஸ், குளிர்க்கோட்டு, கைபேசிக் கட்டணம், பயிற்சிப் பள்ளிக்குக் கட்டிய பணம் இவற்றையும் கழிக்கலாமா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

வாலாஜா:
தம்பி, பயப்பட வேண்டாம். பில்லே தேவையில்லை. ஒரு வேளைக்கு 23 டாலர், நாளுக்கு மூன்று வேளை என்று எழுதினால் போதும். நான் வந்த முதல் குளிர்காலத்தில் தண்டர் பே அருகே நெடுஞ்சாலையை மூடிவிட்டதால் இரண்டு இரவுகள் வண்டிக்குள்ளேயே கிடந்தேன்; ரொட்டியும் ஊறுகாயும்தான் சாப்பாடு. ராணிப்பேட்டை சிப்காட்டில் சரக்கு ஏற்றி மும்பை வரை ஓட்டிய எனக்கே அன்று கண் கலங்கியது. அதற்கெல்லாம் பில் எங்கே இருக்கும்? ஆனாலும் கழித்தேன், யாரும் கேட்கவில்லை.

ஆம்பூர்:
வாலாஜா அண்ணன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு சீட்டும் வேண்டும். எனக்குச் சொந்த வண்டி இருக்கிறது. டீசல், டயர், காப்பீடு, பழுதுபார்ப்பு, பாலக் கட்டணம் அனைத்துக்கும் சீட்டு வைத்திருக்கிறேன். வண்டியின் தேய்மானத்தை ஆண்டுக்கு 40 விழுக்காடு வரை கழிக்கிறேன். இரண்டு ஆண்டுகள் கழித்து வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. ஒரு டயர் பில் இல்லாததால் அந்தச் செலவை ஏற்கவில்லை, அதற்குரிய வரியை வட்டியோடு கட்டினேன்.

குடியாத்தம்:
சீட்டு இருந்தும் பயன் இல்லாதவனும் இருக்கிறேன். பயணத்தில் ஆகும் சாப்பாடு, தங்கும் செலவுகளைக் கழிக்க டிஎல்2 என்ற படிவம் வேண்டும்; என் பழைய முதலாளி அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஒப்பந்தக்காரராக மாறிக்கொள், கையில் அதிகம் கிடைக்கும் என்றார், மாறினேன். ஆண்டு முடிவில்தான் ஓய்வூதியப் பங்களிப்பில் முதலாளியின் பாதியையும் நானே கட்ட வேண்டும் என்று தெரிந்தது. வேலையின்மைக் காப்பீடும் இல்லை, விடுமுறைச் சம்பளமும் இல்லை. நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் இப்படி ஏமாந்திருக்கிறார்கள்!

ஆம்பூர்:
உண்மை. என் மைத்துனருக்கும் இதே கதிதான். முதல் மாதச் சம்பளத்திலேயே பயிற்சிச் செலவு என்று பிடித்துக்கொண்டார்கள். எதற்கும் கணக்குத் தாள் கொடுக்கவில்லை.

சத்துவாச்சாரி:
மிசிசாகாவில் வரிக் கணக்கு தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது பெற்றோருடன் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். வாலாஜா அண்ணனும் ஆம்பூர் தம்பியும் முரண்படுவது போலத் தெரிந்தாலும், ஒருவர் சம்பளக்காரருக்குரிய விதியையும் மற்றவர் சொந்தத் தொழில் செய்பவருக்குரிய விதியையும் சொல்கிறார்கள். காட்பாடித் தம்பி இதில் எந்த வகை என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. தம்பி, ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்தத்தையும் காட்டி முதலாளி தரும் டி4 சீட்டு வந்ததா? வண்டி யாருடையது? சம்பளத்தில் பிடித்தம் உண்டா?

காட்பாடி:
மன்னிக்க வேண்டும் அக்கா, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு நிறுவனம்; டி4 வந்துவிட்டது. அக்டோபர் முதல் வேறொரு நிறுவனம். வண்டியும் டீசலும் அவர்களுடையது, எங்கே போக வேண்டும் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். ஆனால் பிடித்தம் எதுவும் இல்லாமல் காசோலை தருகிறார்கள். என் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

சத்துவாச்சாரி:
நல்ல வேளை, போடாதீர்கள். வண்டியும் வழியும் அவர்களுடையவை என்றால், தாளில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் நீங்கள் தொழிலாளியாகக் கருதப்படவே வாய்ப்பு அதிகம். நீங்கள் தொழிலாளியா, ஒப்பந்தக்காரரா என்று சிபிடி1 படிவத்தை அனுப்பி, வரித்துறையான கனடா வருவாய் முகமையிடமே தீர்ப்புக் கேட்கலாம். அப்படியொரு நிறுவனத்தைத் தொடங்கி ஒரே முதலாளிக்குத் தொழிலாளி போல ஓட்டினால், சிறு நிறுவன வரிச் சலுகையும் கிடைக்காது, பெரும்பாலான செலவுகளையும் கழிக்க முடியாது.

பேட்டா என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது. நம் ஊரில் பேட்டா என்றால் முதலாளி கையில் கொடுக்கும் காசு. இங்கே 23 டாலர் என்பது யாரும் தரும் காசு அல்ல. வரிக்கு உட்படும் வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளும் தொகை. பிராம்ப்டனிலிருந்து வின்னிபெக் போய்த் திரும்ப ஐந்து முழு நாட்கள் என்று வையுங்கள். பதினைந்து வேளை, 345 டாலர். நெடுந்தூர ஓட்டுநருக்கு அதில் 80 விழுக்காடு, அதாவது 276 டாலர் வருமானத்திலிருந்து குறையும். உங்கள் வரி விகிதம் சுமார் 20 விழுக்காடு என்றால் மிச்சமாவது ஏறத்தாழ 55 டாலர். முதலாளி உணவுக்கென்று வரியில்லாப் படி கொடுத்திருந்தால் அதையும் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும்.

அந்த 80 விழுக்காட்டுக்கு, 11,788 கிலோவுக்கு மேல் எடைத் தகுதி உள்ள சரக்கு லாரியாக இருக்க வேண்டும். ஊரை விட்டுத் தொடர்ந்து 24 மணி நேரமாவது, 160 கிலோமீட்டருக்கு அப்பால் போயிருக்க வேண்டும். டி4 வேலைக்கு டிஎல்2 படிவத்தில் பழைய முதலாளியின் கையெழுத்தை வாங்குங்கள். அதைக் கணக்கோடு அனுப்ப வேண்டியதில்லை, கேட்டால் காட்டக் கையில் இருக்க வேண்டும். சாப்பாட்டுச் சீட்டு வெளுத்துப் போனதால் 23 டாலர் முறையில் நஷ்டமில்லை. பயணக் குறிப்பு இல்லாவிட்டால்தான் நஷ்டம். வண்டியிலேயே தூங்கிய நாட்களில் லாரி நிறுத்தத்தில் குளிக்கக் கொடுத்த பணத்தைத் தங்கும் செலவாகக் கழிக்கலாம், ஆனால் அதற்குச் சீட்டு வேண்டும்.

சம்பளக்காரருக்குப் பூட்ஸும் கோட்டும் கழியாது. கைபேசிக்கு முதலாளி தரும் டி2200 சான்று வேண்டும், அதுவும் வேலைக்குப் பயன்பட்ட பங்கு மட்டும். பயிற்சிப் பள்ளி அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், கட்டிய கல்விக் கட்டணத்துக்கு டி2202 என்ற சான்று தருவார்கள். கேட்டு வாங்குங்கள், பெரிய தொகை அது. காட்பாடியில் வீட்டு வாடகை வருகிறதென்றால், கனடாவில் குடியேறிய நாள் முதல் வந்ததை இங்கே காட்ட வேண்டும்.

அக்டோபர் முதல் வந்த காசோலைகளை மறைக்காமல் முழுதாகக் காட்டுங்கள். சொந்தத் தொழில் வருமானமாகக் காட்டினால் கணக்கு கொடுக்க ஜூன் 15 வரை காலம் உண்டு. ஆனால் வரி பாக்கிக்கு மே 1 முதல் வட்டி ஓடும். இப்போதே ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். கணக்கு கொடுக்கும் கெடு தவறினால் பாக்கியில் 5 விழுக்காடு அபராதம், அதன் மேல் மாதத்துக்கு 1 விழுக்காடு. கையில் பணம் இல்லாவிட்டாலும் கணக்கை நாளுக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

மேல்விஷாரம்:
அக்கா சொன்னதில் பயணக் குறிப்பு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் அடிபட்டது அங்கேதான். ஓட்டிய நேரத்தைக் குறித்துவைக்கும் வண்டியின் மின்னணுப் பதிவில் எல்லாம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். நிறுவனம் அந்தப் பதிவை ஆறு மாதம் வைத்திருந்தால் போதும் என்பது விதி. வரிக்கு நாம் ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நான் வேலையை விட்டு எட்டு மாதம் கழித்துக் கேட்டபோது அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். அன்று முதல் ஒரு நோட்டில் பயணத்துக்கு ஒரு வரி எழுதுகிறேன்: "மார்ச் 3, காலை 5.40 பிராம்ப்டன் யார்டு. மார்ச் 8, மாலை 4.15 திரும்பியது. வின்னிபெக். 16 வேளை." சீட்டுகளை வாங்கிய இடத்திலேயே கைபேசியில் படம் எடுத்து, மாதப் பெயரிட்ட உறையில் போடுகிறேன். காட்பாடித் தம்பி செப்டம்பரில் விலகியிருக்கிறார். ஆறு மாதம் கடந்துவிட்டது. இன்றே கேளுங்கள்.

காட்பாடி:
பாய், உங்கள் பதிலைப் படித்தவுடன் பழைய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். ஜூன், ஜூலை பதிவுகள் போய்விட்டன. ஆகஸ்டு நடுவிலிருந்து இருக்கிறது, நாளை அனுப்புகிறேன் என்றார் அங்கிருந்த அம்மா. டிஎல்2 கையெழுத்துக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார். விடுபட்ட வாரங்களுக்கு வாரச் சம்பளத் தாளில் ஒவ்வொரு பயணத்தின் தேதியும் ஊரும் இருக்கின்றன. அதை வங்கி அட்டைக் கணக்கோடு ஒப்பிட்டு எழுதினால் ஏற்பார்களா அக்கா?

சத்துவாச்சாரி:
நீங்களாக நினைவிலிருந்து எழுதுவதைவிட அது எவ்வளவோ உறுதியான ஆதாரம். தேதி ஒத்துப் போகாத பயணத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அந்தச் சம்பளத் தாள்களைக் கணக்கோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அக்டோபர் காசோலைகளின் பட்டியலைத் தனித் தாளில் தொடங்குங்கள். அதை அடுத்துப் பார்ப்போம்.