ரத்தப் பம்புக்குள் சிவப்பணு படும் பாடு: கணினிக் கணக்கோடு பழகியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சிமுலேஷன் பொறியாளர்

இதயத்துக்குத் துணையாக வைக்கும் எல்வேட், இதயமோ நுரையீரலோ ஓய்ந்துபோனவர்களுக்குப் போடும் எக்மோ, இரண்டிலும் ரத்தத்தைத் தள்ளுவது இப்போது பெரும்பாலும் ஒரு சுழலும் பம்புதான். அதற்குள் சிவப்பணு எவ்வளவு அடிபடும் என்று கணினியில் கணிப்பது என் பிழைப்பு. பம்பைப் படுக்கையோரம் நின்று பார்த்தவர்கள், ஆய்வகத்தில் ஓட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

சிவப்பணு கிழிந்தால் உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் பிளாஸ்மாவில் கலந்துவிடும். சிறுநீரகத்துக்கு அது ஆகாது. ஒரு முறை பம்பைக் கடப்பதில் சேதம் மிகச் சொற்பம். ஆனால் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம், பம்பு நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளுகிறது என்று வையுங்கள். ஒரு நாளில் அதே ரத்தம் சராசரியாக 1,440 தடவை உள்ளே போய் வரும். சொற்பத்தையும் விடாமல் எண்ணுவது அதனால்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் முதலில் கைப்பழக்கத்துக்கு எடுப்பது எஃப்டிஏ பம்பு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை விற்பனைக்காகச் செய்யவில்லை. கணினிக் கணிப்புகளை உரசிப் பார்க்கவே செய்தது. 52 மிமீ விட்டத்தில் ரோட்டார் (சுழலும் பகுதி), அதில் நான்கு பிளேடு. வடிவ அளவுகளும் ஆய்வகத்தில் அளந்த வேகமும் அழுத்தமும் பொதுவில் கிடைக்கும். அதற்கு முன்பே ஒரு எளிய நாசிலை வைத்து இதே சோதனையை நடத்தினார்கள். 12 மிமீ குழாய் 4 மிமீ கழுத்தாகச் சுருங்கி மறுபடி விரியும், அவ்வளவுதான். 28 குழுக்கள் கணக்குப் போட்டு அனுப்பின. 2012-ல் முடிவு வந்தபோது, கழுத்தைத் தாண்டிப் பீய்ச்சும் ஜெட் எங்கே கலைகிறது என்பதில்கூட அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அந்த வரைபடங்களைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையின் மேல் எனக்கு ஒரு பயம் கலந்த மரியாதை வந்தது.

நான் பம்பை ஓட்டியபோது அழுத்தம் சீக்கிரமே ஆய்வக அளவோடு ஒத்துப்போனது. படுத்தியது சேதக் கணக்கு. பலரும் எடுத்துக்கொள்வது 1990-ல் கீர்சீப்பன் குழு வெளியிட்ட சூத்திரம். ரத்தப் படலங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடும்போது வரும் ஷியர் தகைவை 2.416 அடுக்குக்கும், அது அணுவின் மேல் பட்ட நேரத்தை 0.785 அடுக்குக்கும் உயர்த்திப் பெருக்க வேண்டும். தகைவு இரட்டித்தால் சேதம் ஐந்து மடங்கைத் தாண்டும். நேரம் இரட்டித்தால் இரண்டு மடங்குகூட ஆகாது. திரையில் வண்ணம் கொடுத்துப் பார்த்தால் பம்பு முழுக்க நீலம். பிளேடு நுனிக்கும் உறைக்கும் நடுவில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு. அந்தக் கோட்டில் மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பம்பைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையை, இன்னும் பொடியாக்கினேன். அழுத்தம் அசையவே இல்லை, சேத எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அப்புறம் சூத்திரத்தின் மாறிலிகளை எடுத்துவிட்டு வேறொரு குழு தந்ததைப் போட்டேன். விடை பழையதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ரோட்டார் அதே ரோட்டார், வேகமும் அதே வேகம்.

அன்றிலிருந்து, "எத்தனை சதவீதம் உடையும்?" என்று யார் கேட்டாலும் நான் தனி எண் கொடுப்பதில்லை. இரண்டு வடிவங்களை ஒரே மெஷ் தரத்தில், ஒரே மாறிலிகளில் ஓட்டி, எது தேவலை என்று சொல்வேன். கூட்டங்களில் இதற்காகச் சண்டையே நடந்திருக்கிறது. தனி எண் ஒன்று அறிக்கையில் ஏறிவிட்டால், அது எந்த அனுமானத்தில் வந்தது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

பெர்ஃப்யூஷனிஸ்ட் (ரத்தப் பம்பு இயந்திரத்தை இயக்குபவர்), எக்மோ வார்டு

அண்ணா, நீங்கள் பிளேடு நுனியைப் பார்க்கிறீர்கள். நான் பார்த்த மோசமான இரவுகள் பம்புக்கு முன்னாலேயே தொடங்கியவை.

ஒரு நோயாளிக்கு ஓட்டம் குறைந்தது என்று முந்தைய ஷிஃப்டில் சுழற்சியைக் கூட்டியிருந்தார்கள். நான் போனபோது ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் குழாய் உதறிக்கொண்டிருந்தது. கையை வைத்தால் விட்டு விட்டு இழுப்பது தெரிந்தது. பம்புக்கு முன்னால் அழுத்தம் பூஜ்யத்துக்கு வெகு கீழே போயிருந்தது. உடம்பில் திரவம் போதாமல், சிரையின் சுவர் கேனுலாவின் (உள்ளே செருகிய குழாயின்) வாயை அடைத்துக்கொண்டு இருந்தது. சிறுநீர்ப் பை கருஞ்சிவப்பு. பிளாஸ்மாவில் தனி ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது; எக்மோவில் ஹீமாலிசிஸ், அதாவது சிவப்பணுச் சிதைவு, என்று சொல்ல வழக்கமாக வைத்திருக்கும் எல்லை அதுதான்.

முதலில் சுழற்சியைக் குறைத்தேன். ஓட்டம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, குழாய் அடங்கியது. டாக்டர் திரவம் ஏற்றினார். அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவு இறங்கியது. பம்பில் ஒரு குறையும் இல்லை.

என் கேள்வி இது: நீங்கள் பெரியவர்களுக்கான 5 லிட்டர் ஓட்டத்தை வைத்துத்தானே கணக்குப் போடுகிறீர்கள்? இப்படி உறிஞ்சி இழுக்கிற நிலைமை அதில் வருமா? சின்னக் குழந்தைக்கு அதே பம்பை அரை லிட்டரில் ஓட்டுகிறோமே, அது வருமா?

சோதனைக்கூட ஆள்

கணினிக் கணிப்பை ஒப்பிட ஒரு ரத்த எண் வேண்டும் அல்லவா, அந்த எண்ணை எடுத்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. அமெரிக்கத் தர விதிப்படி 450 மில்லி ரத்தம், 37 டிகிரி, நிமிடத்துக்கு 5 லிட்டர், 100 மிமீ பாதரச அழுத்தம், ஆறு மணி நேரம். இடையிடையே மாதிரி எடுத்து சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுவோம். முதல் குழாயில் மேலே நிற்கும் பிளாஸ்மா வெளிர் மஞ்சள். போகப் போக ரோஜா நிறம் ஏறும். குழாய்களை ஸ்டாண்டில் வரிசையாக வைத்தாலே பம்பு எப்படி என்று பாதி தெரிந்துவிடும். ஸ்பெக்ட்ரோமீட்டர் அதற்கு எண் கொடுக்கும்.

சிக்கல் ரத்தத்தில். இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் மாட்டு ரத்தத்தைப் பிடிக்கும்போது நுரை தட்டினாலோ, வழியில் வண்டியில் குலுங்கினாலோ, பம்பில் ஊற்றுவதற்கு முன்பே பிளாஸ்மா சிவந்திருக்கும். அதைக் கொட்டிவிட்டு வேறு ரத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். நல்ல ரத்தமே கிடைத்தாலும், ஒரு மாட்டுக்கும் இன்னொரு மாட்டுக்கும் அதே பம்பில் விடை மாறும். அதனால் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு பம்பைப் பக்கத்தில் வைத்து, அதே ரத்தத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டுவேன். அண்ணா தனி எண் கொடுக்க மாட்டேன் என்பதைக் கேட்டு எனக்கு நிம்மதி. என் பக்கத்திலும் ஒப்பீடுதான் நம்பகமானது.

ஆராய்ச்சி மாணவி

நான் சூத்திரத்துக்கு மாற்றாக அணுவையே கணக்கில் கொண்டுவரும் மாதிரியில் வேலை செய்கிறேன். 2004-ல் அரோரா, பெர், பாஸ்குவாலி மூவரும் வெளியிட்டது. அணுவை நீளக்கூடிய ஒரு துளியாக எடுத்துக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் எவ்வளவு இழுபடுகிறது, எப்படித் திரும்புகிறது, எப்போது பழைய வடிவத்துக்கு வருகிறது என்று பின்தொடர வேண்டும். அடுக்குச் சூத்திரம் தகைவு பட்ட கணத்திலேயே சேதத்தைக் கூட்டிவிடும். நிஜ அணுவுக்கு நீளவே கொஞ்சம் நேரம் தேவை. பிளேடு நுனியை அது ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் கடந்துவிட்டால், முழுதாக இழுபடாமலே தப்பிக்கும். என் கணினிக் கணக்குகளில் மிக மெல்லிய இடைவெளிகளின் பங்கு குறைந்தது, அணு நெடுநேரம் சுற்றி நிற்கும் மூலைகளின் பங்கு கூடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவப்பணு 150 பாஸ்கல் தகைவு வரை ஓரளவு தாங்கும் என்பார்கள். ஆனால் ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் புரதத்துக்குப் பத்து பாஸ்கல் வட்டாரத்திலேயே ஆபத்து. அது நீண்டு விரிந்ததும் நொதி வந்து வெட்டிவிடும். சிவப்பணு பத்திரமாக இருந்தும் எல்வேட் நோயாளிக்கு வயிற்றில் ரத்தம் கசிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஹீமாலிசிஸ் எண்ணை மட்டும் பார்த்து ஒரு வடிவத்துக்கு நல்ல பெயர் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

சிமுலேஷன் பொறியாளர்

தம்பி, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு: வராது. நுழைவாயில் அழுத்தத்தை நாங்களே ஒரு நல்ல எண்ணாக நிர்ணயித்துவிட்டுத்தான் தொடங்குகிறோம். சிரை சுருங்குவதும் கேனுலா அடைபடுவதும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

இரண்டாம் பாதி வரும், வந்தால் பயமாகவும் இருக்கிறது. பெரிய பம்பை அரை லிட்டரில் ஓட்டினால் வெளியே போக வேண்டிய ரத்தம் உள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஒவ்வொரு அணுவும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பல தடவை கடக்கிறது. புதிய வடிவம் எதை எடுத்தாலும் 5 லிட்டரோடு குறைந்த ஓட்டத்தையும் சேர்த்தே ஓட்ட வேண்டும் என்று என் குழுவில் கேட்டு வாங்கியிருக்கிறேன். சகோதரி சொன்ன பத்து பாஸ்கலுக்கு மேல் எவ்வளவு ரத்தம் நிற்கிறது என்பதையும் இனி பக்கத்திலேயே அச்சிடுவேன்.

உங்கள் வார்டில் எந்தச் சுழற்சியில், எந்த ஓட்டத்தில் குழந்தைகளுக்குப் பம்பு ஓடுகிறது என்று, நோயாளி விவரம் எதுவும் இல்லாமல் எண்களை மட்டும் தர முடிந்தால், அடுத்த கணக்கை அதிலேயே தொடங்குகிறேன்.