பாப் ஆர்ட் ஸ்கேட்போர்டு வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நியூயார்க் போனபோது மோமா என்கிற நவீனக் கலை அருங்காட்சியகத்தில், கடைப் பொருட்களையே கலையாக்கிய பாப் ஆர்ட் ஓவியர் ஆண்டி வார்ஹோலின் கேம்பல்ஸ் சூப் டப்பாக்களைப் பார்த்தேன். 1962-ல் செய்த 32 கேன்வாஸ், சூப் வகைக்கு ஒன்று. அச்சடித்தது என்றே அதுவரை நினைத்திருந்தேன். கிட்டே போனால் கையால் வரைந்தது! டப்பாவின் அடியில் ஓடுகிற சின்னப் பூ வரிசை மட்டும் ரப்பர் அச்சு வைத்துக் குத்தியது. ஒரு பூ அழுத்தமாக, அடுத்தது லேசாக. நகர மனசே வரவில்லை.

பிறகு கடையில் அதே டப்பா, ஸ்கேட்போர்டு டெக்கில், அதாவது சக்கரமில்லாத வெறும் பலகையில். பெல்ஜியத்தின் தி ஸ்கேட்ரூம் நிறுவனம் போட்டது. வாங்கிவிட்டேன். பக்கவாட்டில் பார்த்தால் மேப்பிள் மரம் அடுக்கடுக்காகத் தெரிகிறது. படத்தைத் தடவினால் ஒரே வழவழப்பு. அழகுதான், ஆனால் அந்தப் பூவின் ஏற்ற இறக்கம் விரலுக்குக் கிடைக்கவில்லை.

– – –

அக்கா, என்னிடம் இருப்பது இன்னொரு பாப் ஆர்ட் ஓவியர் கீத் ஹேரிங்கின் படம் போட்ட டெக். கூரியரில் முனை நசுங்கி வந்தது. "படத்துக்கு ஒன்றும் ஆகலையே" என்று விற்றவர் மாற்றித்தர மறுத்துவிட்டார். ஒரு வாரம் மனசு ஆறவில்லை. அப்புறம் ட்ரக் என்கிற சக்கர அச்சும் சக்கரமும் மாட்டி, மேலே கால் வழுக்காமலிருக்கச் சொரசொரப்பான கிரிப் டேப் ஒட்டி ஓட்டவே ஆரம்பித்துவிட்டேன். டெக்கில் படம் இருப்பது அடிப்பக்கம். ஓட்டுகிறவன் கண்ணில் படாது, தரையில்தான் உரசும். நடைபாதை விளிம்பில் முதல்முறை சறுக்கியதும் ஆடுகிற உருவத்தின் வயிற்றில் மரம் தெரிகிற அளவுக்குக் கீறல்.

எனக்கு அதில் வருத்தமில்லை. ஹேரிங் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், காலி விளம்பரப் பலகைகளில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளில் சாக்பீஸால் வரைந்தவர். 1986-ல் அதே ஊரில் லஃபாயெட் தெருவில் பாப் ஷாப் என்ற கடை திறந்து, கையில் கொஞ்சம் காசு இருப்பவரும் வாங்கட்டும் என்று டி-ஷர்ட்டும் பட்டனும் விற்றார். இத்தனைதான் என்று எண் போட்டு, விலை ஏற்றி, கண்ணாடிக்குள் பூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

– – –

தம்பி, பூட்டி வைப்பவர்களையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். 2019-ல் சோத்பீஸ் ஏலத்தில் சுப்ரீம் என்கிற ஸ்கேட் பிராண்டின் 248 டெக் 8 லட்சம் டாலருக்குப் போனது. ஒன்றுவிடாமல் சேர்க்க எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! என் வார்ஹோலுக்கு நான் சக்கரம் மாட்டமாட்டேன். 2007-ல் காபூலில் தொடங்கிய, ஸ்கேட்போர்டோடு படிப்பும் சொல்லித்தரும் ஸ்கேட்டிஸ்தான் அமைப்பின் குழந்தைகளுக்கும் நான் தி ஸ்கேட்ரூமுக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு போகும் என்றார்கள், அதற்காகவே வாங்கியது.

– – –

அக்கா, டெக்கை மாட்டும்போது நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள். சிவப்புதான் முதலில் வெளுக்கும்.