ஒருவரை ‘ஃபேஸ்’ செய்வது என்றால் என்ன?

கேள்வி (திருப்பூர்): வணக்கம். பனியன் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவராக) இருக்கிறேன். டெலிவரி தேதியை இரண்டு வாரம் முன்னுக்கு இழுத்தபோதும் அது எங்கள் ஆட்களை ‘டிட் நாட் ஃபேஸ்’ என்று பையர் பாராட்டி எழுதியிருந்தார். எஃப், ஏ, இஸட், ஈ என்று இருந்த சொல்லைப் பிழையென்று எண்ணி, பதிலில் பி, எச், ஏ, எஸ், ஈ என்று திருத்தி அனுப்பிவிட்டேன். அனுப்பியதிலிருந்து மனம் உறுத்துகிறது. எது சரி?

பதில் (கோபிசெட்டிபாளையம்): ஐயா, அவர் எழுதியதே சரி. ‘ஒரு பேஸ் வரவில்லை, மோட்டார் ஓடாது’ என்று கேட்டே வளர்ந்த நமக்கு பி, எச் போட்ட அந்தச் சொல்தான் முதலில் நினைவுக்கு வரும். அது தோற்றம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்து, நிலவின் வளர்வு தேய்வுகளுக்கும் பின்னர் மின்சாரத்துக்கும் பெயரானது. பையர் எழுதியதோ, விரட்டுதல் என்னும் பொருளில் பழைய ஆங்கிலத்தில் இருந்த வினையின் வழியில், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இன்றைய வடிவத்துக்கு வந்த சொல். ஒருவரைக் கலங்கடிப்பது, நிதானம் தவறச் செய்வது என்று பொருள். ஒலி ஒன்றாக இருப்பதால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

இச்சொல் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். நம் ‘அசரவில்லை’ இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் ‘அசந்துபோனேன்’ என்றால் வியப்பு வந்து கலந்துவிடும். ஆங்கிலச் சொல்லில் அந்த வியப்பு இல்லை.

பதில் (காங்கேயம்): ‘மிரளவில்லை’ என்பது இன்னும் நெருக்கமாகப் படுகிறது. கன்னபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு காளையின் பின்னால் லாரி ஏர்ஹாரன் அடித்தது. அது காதை மட்டும் திருப்பிவிட்டு அசைபோட்டுக்கொண்டே நின்றது. விலை பேசிக்கொண்டிருந்த பெரியவர், “இது மிரளாதுங்க” என்று திமிலைத் தட்டினார். விரட்டுதல் என்ற பழம்பொருளும் இதில் இருக்கிறதல்லவா?

பதில் (கோபிசெட்டிபாளையம்): வேருக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. எனினும் மிரட்சியில் அச்சமே மேலோங்கி நிற்கும். அதற்கு ஆங்கிலத்தில் ‘அன்னெர்வ்’ உண்டு. நேர்காணலில் எதிர்பாராத கேள்வி வந்து சற்றுத் தடுமாறுகிறவருக்கு அச்சம் இருக்க வேண்டியதில்லை. அங்கும் ‘ஃபேஸ்’ பொருந்தும். ஆகவே ‘அசரவில்லை’ என்பதிலேயே நிற்கிறேன்.

கேள்வி கேட்டவர்: இருவருக்கும் நன்றி. பையருக்கு வருத்தம் தெரிவித்து, சொல்லை அவர் எழுதியபடியே எழுதி அனுப்பிவிட்டேன். அவர் பாராட்டைத் தையல் பிரிவில் ‘நீங்கள் அசரவில்லையாம்’ என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.