சைலன்சரை நானே மாற்றினேன். இப்போது காருக்குள் புகை வாசம் வருகிறது

கேள்வி:
வணக்கம். 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். சைலன்சர் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) தொடாமல், அதற்குப் பின்னால் உள்ள குழாயையும் சைலன்சரையும் மட்டும் வெளிச்சந்தையில் செட்டாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே மாட்டினேன். முன் ஜாயிண்டில் இருந்த ஸ்பிரிங் போல்ட் இரண்டும் துருவில் உடைந்துவிட்டன. அதே அளவில் சாதாரண போல்ட் போட்டு நன்றாக இறுக்கிவிட்டேன்.

இப்போது காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன் சீட்டுக்கு அடியில் ‘டிக் டிக்’ என்று சத்தம். சூடானால் குறைகிறது. சிக்னலில் நின்றால் உள்ளே புகை வாசம். 2000 ஆர்பிஎம் பக்கம் தகரம் அதிரும் சத்தமும் உண்டு. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. நாளை குடும்பத்தோடு திருச்சி போக வேண்டும். கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகலாமா?

பதில் 1:
தயவுசெய்து இந்தக் காரில் போகாதீர்கள். பஸ்ஸோ ரயிலோ பாருங்கள். வாசம் வருகிறது என்றால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பின் சீட்டில் குழந்தை தூங்குகிறதா மயங்கிவிட்டதா என்று உங்களுக்குத் தெரியாது. கண்ணாடியை இறக்குவது இதற்குத் தீர்வு இல்லை.

பதில் 2 (இருபது வருடம் பட்டறையில் இருந்தவன்):
நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த ஸ்பிரிங் போல்ட்தான் விஷயம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும். பின்னால் உள்ள குழாயோ பாடியில் ரப்பரில் தொங்குகிறது. அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான் அந்த ஜாயிண்டில் வளைய கேஸ்கட்டும் (கசிவை அடைக்கும் வளையம்) ஸ்பிரிங்கும் வைத்திருக்கிறார்கள். சாதாரண போல்ட்டால் இறுக்கினால் ஜாயிண்ட் அசையாது. கேஸ்கட் நொறுங்கும், நாளடைவில் குழாயே விரிசல் விடும். சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளி கொஞ்சம் அடைபடும், அதனால்தான் சத்தம் குறைகிறது.

உறுதி செய்ய: திறந்த வெளியில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த ஈரத்துணியால் பின் குழாய் வாயைச் சில நொடிகள் மூடட்டும். நீங்கள் ஜாயிண்டில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். கசிவு இருந்தால் நுரை கிளம்பும். காரை வெறும் ஜாக்கியில் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள். சமதளத்தில் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான்.

கேட்டவர்:
முன் ஜாயிண்டில் நுரை பொங்கிவிட்டது அண்ணா. கழற்றிப் பார்த்தேன், வளையத்தின் ஓரம் உடைந்திருக்கிறது. பழைய வளையத்தையேதான் திரும்பப் போட்டிருந்தேன். திருச்சிக்கு ரயிலில் போகிறோம்.

பதில் 2:
நல்ல முடிவு தம்பி. அந்த வளையம் ஒரு முறை நசுங்கினால் அவ்வளவுதான், திரும்ப உட்காராது. புது வளையம், புது ஸ்பிரிங் போல்ட் செட் வாங்குங்கள். ஃபிளாஞ்ச் முகத்தை (இரண்டு குழாய்களும் சேரும் விளிம்பு) கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள். முதலில் எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் முடுக்கி, குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர்களை மாட்டி (சோப்புத் தண்ணீர் தடவினால் எளிதாக ஏறும்), குழாய் எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகு முன்னாலிருந்து பின்னாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். பின்னாலிருந்து ஆரம்பித்தால் முன் ஜாயிண்ட் கோணலாக நிற்கும்.

பதில் 3:
அதிரும் சத்தத்துக்கு: எஞ்சின் ஆறியபின் குழாய்க்கு மேலே உள்ள ஹீட் ஷீல்டை (சூட்டைத் தடுக்கும் தகடு) கையால் தட்டிப் பாருங்கள். துரு ஏறிய போல்ட்டைக் கழற்றும்போது அதன் பிடிப்பு விட்டிருக்கும். வாஷர் வைத்து முடுக்கினால் போதும். அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், தரைவிரிப்பு சூடாகும். இன்னொன்று, தினமும் ஓட்டுவது இரண்டு மூன்று கிலோமீட்டர்தானா? பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி சைலன்சருக்குள் தண்ணீராகத் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

கேட்டவர்:
புது வளையம், ஸ்பிரிங் எல்லாம் போட்டாயிற்று. சோப்பு வைத்துப் பார்த்தேன், ஒரு குமிழி கூட இல்லை. காலை ஸ்டார்ட்டிலும் ‘டிக் டிக்’ போய்விட்டது. ஷீல்டில் ஒரு போல்ட்டே காணோம், அதையும் போட்டுவிட்டேன். ஆமாம், தினமும் ஸ்டேஷன் வரை மூன்று கிலோமீட்டர்தான். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.